கைதட்டலில் கட்டிய தாலி

தாலித் தட்டு மூன்றாவது வரிசையைத் தாண்டிவிட்டது. மேளக்காரர்களைக் காணோம்.

மணவறையில் என் மகள் கயல்விழி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை, பட்டு வேட்டி நழுவிவிடுமோ என்று இடுப்பிலேயே ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறார். முந்நூறு பேர் மஞ்சள் அரிசியைக் கையில் மூடிக்கொண்டு, தட்டைத் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். நான் மேடைக்கு இடது பக்கம், என் சொந்த ஆம்ப்ளிஃபயர் அருகில் நிற்கிறேன்.

"ஏங்க, மேளம் எங்க?" என்றாள் என் மனைவி விஜயா. அன்று காலையிலிருந்து பதினோராவது தடவை.

"வந்துகினே இருக்காங்க."

"எங்க வந்துகினு இருக்காங்க?"

அது தெரிந்தால் சொல்லமாட்டேனா? போன் போட்டால் ரிங்கே போகவில்லை.

முப்பது வருஷமாகத் திருவண்ணாமலையில் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான். எத்தனை கல்யாணத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பேன்! எத்தனை காது குத்து, எத்தனை கும்பாபிஷேகம்! கடைசியில் என் பெண்ணுக்குத் தாலி ஏறும் நேரத்தில் சத்தம் இல்லை. எவரிடம் சொல்லி அழுவது?

இந்தத் தொடரில் இதுவரை ஊரார் வீட்டுக் கல்யாணங்களைச் சொல்லிச் சிரித்தேன். இந்த வாரம் என் வீட்டுக் கல்யாணம். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

காலண்டர் பார்த்த லட்சணம்

தப்பு முழுக்க என்னுடையது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை வீடு வேலூர். அவர்கள் குறித்த நாள் ஒரு திங்கட்கிழமை. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஏழரைக்கு ராகுகாலம் வந்துவிடும். காலண்டரில் அதே தேதியில் முழுநிலா படம் போட்டிருந்தது.

"பௌர்ணமியாச்சே, கிரிவலக் கூட்டம் நெரிக்குமே" என்றாள் விஜயா.

"கூட்டம் சாயங்காலம் தாண்டி வரும். அதுக்குள்ள நம்ம பந்தியே முடிஞ்சிடும்" என்றேன் நான், பெரிய இவனாட்டம்.

திதி எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பிறந்துவிட்டது. வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் குழாய் கட்டிச் சாப்பிடுகிறவன் செய்யலாமா? அடி அண்ணாமலையில் அன்னதானம் போடுகிறவர்கள் ஞாயிறே செட் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு நாள் முன்னாடியே கட்டச் சொல்கிறார்களே, உஷாரான பார்ட்டி என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவை என்னவென்று சொல்ல!

பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மண்டபத்துக்கு வைத்துக்கொண்டு, நல்ல செட்டையும் ஆட்களையும் அங்கே அனுப்பினேன். மங்கள இசை பதிந்த பென்டிரைவும் அவர்களோடு போய்விட்டது. கல்யாணத்துக்குத்தான் நேரடி மேளம் இருக்கிறதே!

மேளக்காரர் ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் பிரமாதமாக வாசித்துவிட்டு, "ரூமெல்லாம் சொந்தக்காரங்களுக்கு வச்சிக்கங்க அண்ணே, விடியக்காலை முதல் பஸ்ல வந்துடறோம்" என்று கிளம்பினார். நானும் தலையாட்டினேன். அவர்கள் போன பிறகுதான் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்த ஆரம்பித்தார்கள். விடிவதற்குள் ரோடு முழுக்க ஜனம்.

அத்தனை லட்சம் பேரும் ஒரே ஊரில் போனைக் காதில் வைத்தால் என்ன ஆகும்? டவர் படுத்துவிட்டது. பேசவும் முடியவில்லை, நெட்டும் இல்லை. மண்டபத்தில் ஒவ்வொருத்தராகப் போய், "போன்ல நாதஸ்வரம் எதாவது ஏத்தி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். எல்லாம் நெட்டில்தானாம். ஒரே ஒருத்தர் ரிங்டோனாக வைத்திருந்தார். பன்னிரண்டு விநாடி. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் கல்யாணம் மாதிரி இருக்காது, யாரோ போனை எடுக்காத மாதிரி இருக்கும்.

சம்பந்தியின் மூக்கு

மேளம் இல்லாமல் தாலி கட்டினால் என்ன குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சம்பந்தியைப் பார்க்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

சம்பந்தி மாணிக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர். ஆனால் புகை ஆகாது. ஊதுபத்தி கொளுத்தினாலே தும்ம ஆரம்பித்துவிடுவார். ஒன்றோடு நிற்காது. மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்கிக்கொண்டே போவார்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில் ஒரு தும்மல் விழுந்தது. அவ்வளவுதான். அவருடைய அக்கா சரோஜா அம்மா கையை நீட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத்தான் தட்டையே தொடவிட்டார்கள். "நிச்சயத்துக்கு இது போதும். தாலி கட்டறப்ப தும்மல் கேட்டுச்சுன்னா நான் கட்ட விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் ஒரு தும்மலோ வேண்டாத வார்த்தையோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே?

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மணி ஏழு பத்து. ஓமப் புகை மண்டபத்தை நிறைத்துவிட்டது. சம்பந்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், கண் சிவந்துவிட்டது. மேளம் இல்லாத மண்டபத்தில் ஒரு தும்மல் விழுந்தால் கல்யாணம் நிற்கும். கால் மணி நேரம் நின்றால் ராகுகாலம். அப்புறம் சரோஜா அம்மா என்ன சொல்வார்களோ!

ஐயர் என்னைப் பார்த்தார். "மந்திரம் என் பொறுப்பு. சத்தம் உங்க பொறுப்பு. எதையாவது போடுங்கோ" என்றார்.

என் போனில் ஒரு சங்கீதம் இருந்தது. அதைப் போடமாட்டேன் என்று என் மகளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

சிம்பொனி பிடித்த பைத்தியம்

இதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கயல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மெட்ராஸில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு சிடி பிளேயர் வாங்கிவந்தேன். வீட்டில் வைத்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு. யார் விட்டுப்போனதோ! ஓடுகிறதா பார்ப்போம் என்று போட்டேன்.

வயலின்கள் பூனை நடக்கிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தன. டக்கு டக்கு என்று குழந்தை பாடுகிற மாதிரி ஒரு சின்ன மெட்டு. சத்தம் ரொம்பக் கம்மியாக இருக்கிறதே என்று ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினேன். இன்னும் கம்மியாகப் போனது. இன்னும் கூட்டினேன். காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனேன்.

டமார்!

நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரே அடி. நான் ஸ்டூலிலிருந்து பின்பக்கமாக விழுந்தேன். டீ டம்ளர் ஒரு பக்கம் பறந்தது. ஆம்ப்ளிஃபயர் வெடித்துவிட்டது என்று ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பயந்துகொண்டே மறுபடி போட்டேன். மறுபடியும் பூனை நடை, மறுபடியும் அதே இடத்தில் டமார்!

அப்போதுதான் புரிந்தது. அது கோளாறு இல்லை. வேண்டுமென்றே எழுதியிருக்கிறான் மனுஷன்! இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ குளிர் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிறவனைத் தூக்கிவாரிப் போட வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறான். நான் தரையில் உட்கார்ந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தேன். பெரிய சங்கீதம் என்றால் உம்மென்று கேட்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்படிக் கிச்சுகிச்சு மூட்டுமா?

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அந்த மனுஷர் பெயரைச் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன், விட்டுவிடுங்கள். அவர் எழுதிய சிம்பொனிகள் நூறுக்கு மேல் இருக்குமாம். தேடித் தேடிச் சேர்த்தேன். ஒரே சிம்பொனியைப் பல கோஷ்டிகள் வாசித்துப் பதிவு செய்திருக்கின்றன என்று தெரிந்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. இவன் வேகமாகப் போகிறானே, அவன் இந்த இடத்தில் ஏன் இழுக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டு கேட்பேன்.

"அந்தக் கருமத்தைக் கம்மி பண்ணுங்க, பொண்ணு படிக்குது இல்ல" என்று விஜயா கத்துவாள். கயல் ஒன்றும் சொல்லமாட்டாள். பக்கத்து அறையில் புத்தகத்தோடு இருப்பாள். பாவம், பிள்ளைக்குத் தொல்லை என்று நானே குறைத்துவிடுவேன்.

கல்யாணப் பத்திரிகை அடித்த அன்று அவள் வந்து என் எதிரில் நின்றாள்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். என் கல்யாணத்துல உன் சிம்பொனிய மட்டும் போட்டுடாத."

"காலையில டிபன் டைம்ல, சும்மா ரெண்டே ரெண்டு..."

"வேணாம்ப்பா. கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வெளியில் சிரித்தேனே தவிர, மனசு சுருக்கென்றது. இத்தனை வருஷம் சகித்துக்கொண்டிருந்திருக்கிறாள், கல்யாணத்தில் தன் பேர் கெடாமல் போனால் போதும் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று பதிவுகள்

கல்யாணம் நடந்த வாரம் நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு சிம்பொனியின் கடைசிப் பகுதியை. மூன்று கோஷ்டிகள் வாசித்த மூன்று பதிவுகள் போனில் இருந்தன. மற்றதெல்லாம் வீட்டில் தட்டுகளாக இருந்தன.

கடைசிப் பகுதி என்றால் சும்மா இல்லை. டிரம்பெட்டும் முரசும் வயலினும் ஓட்டப்பந்தயம் ஓடும். கெட்டிமேளத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதிலும் அந்தக் குறும்புக்கார மனுஷர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். முடிகிற மாதிரி தடபுடலாக முடியும். அப்புறம் அமைதி. முடிந்தது என்று நினைக்கும்போது திருடன் மாதிரி மெதுவாக மறுபடி ஆரம்பித்து, இன்னொரு ரவுண்டு அடித்துவிட்டுத்தான் உண்மையாக முடியும்.

அந்த அமைதிதான் எனக்குச் சிக்கல். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி தும்மினால்?

முதல் பதிவு, பெரிய கோஷ்டி. அதில் அமைதி ரொம்ப நீளம். முதல் தடவை கேட்டபோது முடிந்ததென்று எழுந்து அடுப்படி வாசல்வரை போய்விட்டேன். சம்பந்திக்கு அதில் நாலு தும்மலுக்கு இடமிருக்கும். வேண்டாம்.

இரண்டாவது சின்ன கோஷ்டி. பேய் வேகம். அமைதி இரண்டே விநாடி. ஆனால் ஒரு தும்மலுக்கு இரண்டு விநாடி தாராளம். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, ஏதோ ஒரு ஊரில் ஜனங்கள் முன்னால் வாசிக்கும்போதே பிடித்த பதிவு. அதில் என்ன விசேஷம் தெரியுமா? பொய் முடிவு வந்ததும் அந்த ஜனங்கள் ஏமாந்துபோய்க் கைதட்டிவிடுவார்கள்! அமைதியே கிடையாது, கடகடவென்று கைதட்டல். பாட்டு மறுபடி ஆரம்பித்ததும் அசடு வழிந்து சிரிப்பார்கள்.

அப்பாடா! கைதட்டலும் சத்தம்தானே?

கடைசி இரண்டரை நிமிஷம்தான் விடாமல் சத்தமாக இருக்கும். அந்த இடத்துக்கு ஓட்டி வைத்து, வயரைச் செருகி, சாமியைக் கும்பிட்டேன். கயலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கெட்டிமேளம், கெட்டிமேளம்!

ஏழு இருபதுக்கு ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார்.

அழுத்தினேன்.

டிரம்பெட்டும் முரசும் மண்டபத்துக் கூரையைத் தூக்கின. முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. விஜயா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை தாலியைக் கயல் கழுத்துப் பக்கம் கொண்டுபோனார். சரி, அரை நிமிஷ வேலை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போது வீடியோக்காரர் கையைத் தூக்கினார். "சார், அப்படியே ஹோல்ட் பண்ணுங்க! லைட்டைப் பாருங்க! அக்கா, மாலைய கொஞ்சம் இறக்குங்க!"

அடப்பாவி! முடிச்சுப் போடப் போன கை அப்படியே நின்றது. டிரம்பெட் ஓடுகிறது, விநாடி ஓடுகிறது, அந்த ஆள் ஒரு காலை மடித்து ஃபோகஸ் பார்க்கிறார். "யோவ், விடுய்யா!" என்று கத்தினேன். என் சத்தம் என் ஸ்பீக்கரிலேயே அமுங்கிவிட்டது.

பொய் முடிவு வந்தது. டாண், டாண், டாண். நின்றது.

மாப்பிள்ளை திடுக்கிட்டு ஐயரைப் பார்த்தார். கையில் தாலிக் கயிற்றின் இரண்டு நுனி. சம்பந்தி கைக்குட்டையை விலக்கினார். வாய் திறந்தது, கண் மூடியது.

கடகடகடவென்று ஸ்பீக்கரில் கைதட்டல் கொட்டியது!

யாரோ தட்டுகிறார்கள், தாலி ஏறிவிட்டது என்று எங்கள் ஜனமும் தட்ட ஆரம்பித்தது. மஞ்சள் அரிசி மழையாகப் பறந்தது. சம்பந்தியின் தோள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தடவை குலுங்கியதை நான் பார்த்தேன். ஒரு காதிலும் விழவில்லை. பக்கத்திலேயே நின்ற சரோஜா அம்மா சந்தோஷமாக அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளைதான் இன்னும் முழித்துக்கொண்டிருந்தார். கயல் தலையை நிமிர்த்தாமலே ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. அவர் சட்டென்று முடிச்சைப் போட்டார். அடுத்த இரண்டு முடிச்சை நாத்தனார் போடவும், பாட்டு திருடன் மாதிரி மறுபடி ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

ஸ்பீக்கரில் அந்த ஊர் ஜனங்கள் சிரித்தார்கள். அதைக் கேட்டு எங்கள் ஜனமும் குபீரென்று சிரித்தது. ஐயர் சிரித்தார். வீடியோக்காரர் கேமரா ஆடச் சிரித்தார். ஏழு இருபத்திரண்டு! நான் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சரோஜா அம்மா என்னிடம் வந்தார்கள். "மேளம் ஜோரா இருந்துச்சு. எந்த ஊரு பார்ட்டி?"

"வெளியூருங்க" என்றேன்.

"எங்க, ஆளுங்களையே காணோம்?"

"சாப்பிடப் போயிட்டாங்க."

எட்டு மணிக்கு ஏழுமலை தவிலைத் தலையில் சுமந்துகொண்டு, சட்டை நனைய வந்து சேர்ந்தார். தாலி ஏறிவிட்டது என்றதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிப் பந்திக்கு அனுப்பினேன்.

வேலூர் ரோட்டில்

மத்தியானம் பெண்ணை அனுப்ப வேண்டும். மண்டபம்வரை கார் வர வழியில்லை. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் ஊருக்கு வெளியே கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். எதிரில் வந்த கூட்டம் விலகி வழிவிட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் "நல்லா இருங்க" என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சத்தியத்தை மீறியவன் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் போவது? கயல் நின்று, நான் வரும்வரை காத்திருந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கைதட்டு வந்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சுப்பா."

"என்னம்மா சொல்ற?"

"நீ எந்த ரெக்கார்டைப் போட்டன்னு மொதல்ல தெரில. பெரிய கோஷ்டியா இருந்தா நடுவுல ஒண்ணுமே கேக்காதே. மாமா தும்மிட்டாருன்னா என்ன பண்றதுன்னு உக்காந்துனு இருந்தேன். அவரு வேற முடிஞ்சிபோச்சுன்னு முழிக்கிறாரு. 'இன்னும் முடியல, மறுபடி வரும், கட்டுங்க'ன்னேன்."

மூன்று பதிவும் அவளுக்குத் தெரியும். எது எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுவரை தெரியும்.

"அப்புறம் ஏன் போடாதன்னு சத்தியம் வாங்கின?"

கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ கண்ண மூடிக்கினு கையை ஆட்டிக்கினு கேப்ப இல்ல? தெருவுல போறவங்க ஜன்னல் வழியாப் பாத்துச் சிரிப்பாங்க. எனக்குப் பத்திக்கினு வரும். முந்நூறு பேரு முன்னாடி உன்னப் பாத்து எவனாவது சிரிச்சா, நான் மணவறையில எப்படிப்பா உக்காந்திருப்பேன்?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நடுரோட்டில் நின்று இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

"உனக்குத் தொல்லைன்னு நான் எப்பவும் சத்தத்தைக் கம்மி பண்ணிடுவேனேம்மா."

"தெரியும்ப்பா" என்றாள் கயல். "நீ கம்மி பண்றப்பல்லாம் நான் சேரைச் சுவத்துகிட்ட இழுத்துப் போட்டுக்குவேன்."